மெனுவுக்கு கியூஆர் கோட் அடிக்கப் போகிறீர்களா?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். மெனுவை கூகுள் டிரைவில் பிடிஎஃப் ஆக ஏற்றி, எவரும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டு, அந்த இணைப்புக்கு கியூஆர் கோட் எடுங்கள். கொத்துரொட்டி விலை ஏறினால் அதே கோப்பின் புதிய பதிப்பை ஏற்றினால் சரி, கோட் மாறாது. கோட் செய்து தரும் தளத்தின் வழியாகச் சுற்றிப் போகும் 'டைனமிக்' வகை வேண்டாம். சில தளங்களில் சோதனைக்காலம் முடிந்ததும் அது வேலை செய்யாது. உங்கள் இணைப்பையே நேராகப் பதிக்கும் 'ஸ்டாடிக்' போதும்.

கோட் எடுக்கும்போது பிழைதிருத்த அளவை (error correction) 'எச்' (H) என்று வையுங்கள். சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் ஸ்கேன் ஆகும். குழம்புக்கறை படாத மேசை எங்கே இருக்கிறது! கோட்டைச் சுற்றிலும், அதிலுள்ள சின்னக் கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெள்ளை விளிம்பு விடுங்கள். பளபளக்கும் லமினேட் வன்னி வெயிலில் கண்ணைக் கூசும், கமராவும் திணறும். மேட் லமினேட் கேளுங்கள். அப்புறம், டேட்டா இல்லாமல் வருபவர்களுக்காக இரண்டு அச்சு மெனுவும் கல்லாவில் இருக்கட்டும்.