நியாயப்பிரமாணமும் விடுதலையும்: முரண்படுவதுபோல் தோன்றும் வசனங்களை வாசிக்கும் முறை

நியாயப்பிரமாணத்தை (மோசே வழியாக இஸ்ரவேலருக்குத் தரப்பட்ட கட்டளைகளை) அழிப்பதற்கு அல்ல, நிறைவேற்றுவதற்கே வந்தேன் என்று இயேசு சொன்னதை மத்தேயு 5:17 பதிவுசெய்கிறது. நீங்கள் நியாயப்பிரமாணத்திற்கு அல்ல, கிருபைக்கே கீழ்ப்பட்டிருக்கிறீர்கள் என்று ரோமர் 6:14 கூறுகிறது. சிங்கப்பூரில் வீடுகளில் கூடும் நம் வேதபாடக் குழுக்களில் இவ்விரண்டும் ஒரே மாலையில் வாசிக்கப்பட்டால், சிலர் முதலாவதையும் சிலர் இரண்டாவதையும் பற்றிக்கொண்டு வாதிடுவது வழக்கம். ஒரு வசனத்தைக் கொண்டு இன்னொன்றின் வாயை அடைப்பது வேதவாசிப்பு ஆகாது என்பதே என் உறுதியான எண்ணம்.

முதலில், வசனம் யாருக்கு, எந்த நெருக்கடியில் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். இதற்கு ரோமர், கலாத்தியர் நிருபங்களை எழுதிய அப்போஸ்தலர் பவுலின் செயல்களே சிறந்த பயிற்சி. விருத்தசேதனம் (ஆண்களின் முன்தோலை நீக்கும் யூதச் சடங்கு) பண்ணிக்கொண்டால் கிறிஸ்துவால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இராது என்று கலாத்தியர் 5:2-இல் கடுமையாக எழுதும் அதே பவுல், அப்போஸ்தலர் 16:3-இல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்விக்கிறார். எருசலேமிலோ தன்னோடு வந்த தீத்துவுக்கு அதைச் செய்விக்க இணங்கவில்லை என்று கலாத்தியர் 2:3 காட்டுகிறது. தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண், தந்தை கிரேக்கர். அந்தப் பகுதி யூதர்களிடையே ஊழியம் செய்ய அவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. தீத்து கிரேக்கர், அவர் விஷயத்தில் ஒரு சாரார் அதைக் கட்டாயமாக்க முயன்றார்கள். ஒரே சடங்கு, பிறர்பொருட்டு விரும்பி ஏற்கப்படும்போது விடுதலையின் செயலாகவும், இரட்சிப்பின் நிபந்தனையாக விதிக்கப்படும்போது அடிமைத்தன நுகமாகவும் ஆகிறது. ஆகவே, கட்டளை என்ன என்பதோடு, அதை யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதே கேள்வியை உணவு பற்றிய வசனங்களிடமும் கேட்கலாம். இந்து உறவினரும் அண்டை வீட்டாரும் உள்ள நம் அடுக்குமாடி வாழ்க்கையில், பூசைக்குப் பின் வாசலுக்கு வரும் பிரசாதத்தை வாங்கலாமா என்ற கேள்வி எழாத குடும்பம் அரிது. அப்போஸ்தலரும் மூப்பரும் கூடிய எருசலேம் சங்கம் விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றை விலக்கச் சொன்னது (அப்போஸ்தலர் 15:29). பவுலோ, அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் எதையும் விசாரியாமல் சாப்பிடுங்கள், ஆனால் இது படைக்கப்பட்டது என்று யாராவது சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சியினிமித்தம் சாப்பிடாதிருங்கள் என்கிறார் (1 கொரிந்தியர் 10:27-29). அதே அதிகாரத்தில் விக்கிரக பந்தியில் பங்குகொள்வதை அவர் திட்டமாக மறுக்கிறார் என்பதையும் மறக்கலாகாது. இவற்றைச் சேர்த்து வாசித்தால் ஆயத்தமான ஒரு விதி கிடைப்பதில்லை. ஆனால், தன் உரிமையை மட்டும் பார்ப்பவருக்கும், பிறரைக் கண்டிக்கவே வசனம் தேடுபவருக்கும் பவுல் இடமளிக்கவில்லை என்பது தெளிவாகிறது.

அடுத்து, இருவர் ஒரே சான்றைக் காட்டினால், அந்தச் சான்றின் காலத்தைப் பாருங்கள். விசுவாசத்தினாலே நீதிமான் என்று பவுலும் (ரோமர் 3:28), விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்று யாக்கோபும் (2:24) எழுதி, இருவரும், ஆபிரகாமின் விசுவாசம் அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15:6-ஐயே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆபிரகாம் விருத்தசேதனம் பெறுவது 17-ஆம் அதிகாரத்தில்தான் என்பதால், அதற்கு முந்திய விசுவாசத்தைப் பவுல் சுட்டுகிறார்; ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தும் 22-ஆம் அதிகாரத்தை யாக்கோபு சுட்டுகிறார். நீதிமானாக எண்ணப்படுவதன் தொடக்கத்தை ஒருவரும் அந்த விசுவாசம் முழுமைபெறுவதை மற்றவரும் பேசுகிறார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

மூன்றாவதாக, எதிலிருந்து விடுதலை, எதற்காக விடுதலை என்று பிரித்துக் கேளுங்கள். பத்துக் கட்டளைகள் கட்டளையோடு தொடங்கவில்லை. உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினேன் என்ற அறிவிப்போடு தொடங்குகின்றன (யாத்திராகமம் 20:2). கலாத்தியர் 5:1 நுகத்தை மறுக்கிறது. அதே அதிகாரத்தின் 13-ஆம் வசனம் அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யச் சொல்கிறது.

எல்லா இறுக்கமும் இப்படித் தளர்ந்துவிடாது. அடிமைகள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் 6:5-ஐ, ஒநேசிமுவை (பிலேமோனின் அடிமை) இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்ற பிலேமோன் 16-ஆம் வசனத்தோடு வைத்து வாசியுங்கள். முதலாவதன் கடுமையை மழுப்பாதீர்கள். கூலிக்கு உழைக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு எபேசியர் 6:5-ஐ எடுத்துக்காட்ட எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. முதலாளி வாசிக்க வேண்டியவை, பயமுறுத்துதலை விட்டுவிடுங்கள் என்ற 6:9-உம், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் 4:1-உம் ஆகும்.