பாக் விரிகுடாப் பேச்சுவார்த்தை: மேசைக்குப் போகும் முன் மீனவர் சங்கம் செய்ய வேண்டியவை

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டிக் கரைகளிலிருந்து யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களோடு பேசப் போகிறவர்களுக்கானது இது. 2010, 2014, 2015, 2016 என்று பலமுறை உட்கார்ந்து பேசியாகிவிட்டது. சிக்கல் நிற்கும் இடம் மாறவில்லை. நம் ஆட்கள் "எங்கே பிடிக்கலாம்" என்று கேட்கிறார்கள். அவர்கள் "எதைப் போட்டுப் பிடிக்கிறீர்கள்" என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் போனால் முதல் கேள்விக்கும் பதில் வராது. ஆகவே தயாரிப்பு மடியிலிருந்து, அதாவது கடலடியில் இழுத்துப் பிடிக்கும் இழுவை வலையிலிருந்து, தொடங்க வேண்டும்.

முதலில் கச்சத்தீவை ஓரம் வையுங்கள். 1974, 1976 ஒப்பந்தங்கள் இரண்டு அரசுகள் போட்டுக்கொண்டவை. சங்கம் பேசி அதில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. அதைக் கிளப்பினால் அரை நாள் போகும். அதைவிட மோசம், எதிரே இருக்கும் கடற்றொழிலாளி தன் நாட்டு அரசுக்காக வாதாடத் தொடங்கிவிடுவார்.

பத்துப் பன்னிரண்டு பேர் போதும். விசைப்படகு முதலாளிகள் மட்டும் போனால் பேச்சு பிசகும். நாட்டுப்படகுக்காரர் மூன்று பேராவது, கூலிக்குக் கடலுக்குப் போகிறவர் இருவர், மீன் விற்கும் பெண்கள் இருவர் கட்டாயம் இருக்கட்டும். சிறையில் கிடப்பது பெரும்பாலும் கூலிக்குப் போனவர்தான். அவர் வாயால் வரும் பேச்சுக்கு அந்தப் பக்கத்தில் மரியாதை அதிகம். கிளம்பும் முன் மீன்வளத் துறை உதவி இயக்குநர் வழியாக ஆட்சியருக்கு எழுதி அரசின் அனுமதி வாங்குங்கள்.

இரண்டு மாதம் முன்பே ஒரு நோட்டுப் போடுங்கள். படகின் பதிவெண், நீளம், எஞ்சின் குதிரைத்திறன், மடியின் வகை, மடியின் வால்பகுதிக் கண்ணி (வலைக்கண்) அளவு, போன வாரம் எத்தனை தங்கல் (கடலுக்குப் போய்வந்த முறை), என்னென்ன மீன், எத்தனை கிலோ. கண்ணியை ஒன்றே ஒன்று அளந்தால் தப்பாகும். பத்துக் கண்ணியை ஒரே வரிசையில் இழுத்துப் பிடித்து அளந்து பத்தால் வகுங்கள். நனைந்த வலையிலேயே அளங்கள். சொல்லிலும் கவனம் வேண்டும். நாம் 'விசைப்படகு' என்றால் அதில் செவுள்வலை (மீன் செவுளில் சிக்கும்படி விரிக்கும் வலை) போடும் படகும் அடங்கும். அவர்கள் 'றோலர்' என்று சொல்வது இழுவைமடி போடும் படகை மட்டும். தாளில் 'இழுவைமடிப் படகு' என்றே எழுதுங்கள்.

இடம் குறிக்கும்போது ஜிபிஎஸ் எண்ணை எந்த முறையில் எழுதுகிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். 9 பாகை 15 நிமிடம் 30 விநாடி என்பது 15.50 நிமிடம். அதையே 15.30 என்று படித்துவிட்டால் 0.2 கடல் மைல், அதாவது சுமார் 370 மீட்டர் தள்ளிப்போகும். வலை அறுந்த புகாரில் இந்த 370 மீட்டர் போதும், பொய் சொல்கிறான் என்று பெயர் வாங்க.

இனி நாள் கணக்கு. பேச்சின் உயிர் இங்கேதான். நம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகுக்கு வருடத்துக்கு 156 முறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் 26 முறை கழியும், மிச்சம் 130. புயல், வேலைநிறுத்தம் எல்லாம் அதற்குள். நம் படகுகளை அந்தப் பக்கம் வருடத்துக்கு இத்தனை நாள் விடலாம் என்று 2010இல் சென்னையில் பேசிய 70 நாள் என்பது இந்தக் கணக்கில் பாதிக்குச் சற்று மேல். இரு அரசும் ஏற்று அறிவிக்காததால் அது தாளோடு நின்றது.

'நாள்' என்று எழுதாதீர்கள். நம் படகு காலையில் டோக்கன் (மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு) வாங்கிப் போய் மறுநாள் காலையில் கரை சேர்கிறது. ஒரு தங்கலுக்கு இரண்டு தேதி. அந்தப் பக்கம் மாலையில் வலை விரித்து விடியலில் வாங்குகிறார்கள். நாம் போகும் இரவுகளில் வலை அறுந்துவிடும் என்று பலர் கடலுக்கே போவதில்லை. அவர்களுக்கு நஷ்டம் இரவுக் கணக்கில்தான் வருகிறது. 'திங்கள் மாலை 6 மணி முதல் செவ்வாய் காலை 6 மணி வரை' என்பது போல எழுதுங்கள். நல்லவேளை, இரு கரையிலும் கடிகாரம் ஒன்றே.

கேட்பதற்கு முன் கொடுக்க ஒன்று வேண்டும். இலங்கை 2017இலேயே இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. இரு அரசும் 2016 நவம்பரில் இம்முறையைக் கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவரச் சம்மதித்தன. 'படிப்படியாகக் குறைப்போம்' என்ற பேச்சுக்கு இனி மதிப்பில்லை. எந்தப் பதிவெண் படகு, எந்த மாதம் மடியை விடும் என்று பட்டியல் கொடுங்கள். இருபது படகாக இருந்தாலும் பட்டியல் இருந்தால் நம்புவார்கள்.

அந்தப் பட்டியலைப் போடும்போது பணத்தையும் பாருங்கள். மடியை விட்டு ஆழ்கடல் படகுக்கு மாற 2017இல் வந்த திட்டத்தில் படகு 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநிலம் 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8 லட்சம். 2,000 படகு என்று இலக்கு வைத்தார்கள்; அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. கடன் ஒரு காரணம். இன்னொன்று, பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். சூரைக்கான பெரிய படகுக்கு இங்கே வேலையில்லை. மன்னார் வளைகுடாப் பக்கம், மூக்கையூர் போன்ற துறைமுகத்தில் கட்டிப் பல நாள் தங்க வேண்டும். ஓர் இரவு மடி இழுத்துப் பழகிய ஆளுக்குத் தூண்டில் தொழிலும் ஐஸ் பிடிக்கும் விதமும் புதிது. ஆளும் பயிற்சியும் உறுதியாகாத படகைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒரு பெயர் பொய்த்தால் மொத்தமும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

வியாபாரத்தையும் பேசலாம். நீலக்கால் நண்டு இரு கரையிலும் விழுகிறது. சதை எடுத்து வெளிநாட்டுக்குப் போவதும் இரு கரையிலிருந்தும்தான். கிரேடு வாரியாகக் கரை விலையை மாதம் ஒருமுறை பரிமாறிக்கொண்டால் 'அந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது' என்று வியாபாரி சொல்வது உண்மையா என்று தெரியும். ரூபாய்க்கு ரூபாய் ஒப்பிடாதீர்கள், அன்றைய மாற்று விகிதத்தில் போடுங்கள். சினை நண்டைக் கடலில் விடுவது என்று சேர்ந்து முடிவெடுத்தால் அது இருவருக்கும் லாபம். கடலட்டையைப் பேச்சில் சேர்க்காதீர்கள்: அங்கே உரிமத்தோடு நடக்கும் தொழில், இங்கே 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் தடை.

பேச்சை மே கடைசியில் வையுங்கள். நம் படகுகள் கட்டிக் கிடக்கும், முதலாளிகள் ஊரில் இருப்பார்கள். மறுகரை மீனவர்களுக்கு அது தொழில் நடக்கும் காலம் என்பதால் ஒரே நாளில் முடியுங்கள்.

முடிவைப் 'பேச்சுக் குறிப்பு' என்று எழுதுங்கள். ஒப்பந்தம் போடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. இரண்டு பக்கம் போதும். இருவரும் அங்கேயே வாசித்துக் கையெழுத்திடுங்கள். ஒரு பிரதி மீன்வளத் துறை வழியாக இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழுவுக்குப் போக வேண்டும். அந்தக் குழு 2016 முதல் இருக்கிறது. பக்கத்துக்கு இருவர் தொடர்புக்கு. வலை அறுந்தால் 24 மணி நேரத்துக்குள் நேரம், இடம், எத்தனை பீஸ் வலை, வெட்டுப்பட்ட இடத்தின் படம் நான்கும் போய்ச் சேர வேண்டும். பெயர் தெரியாத புகாரையும் வாங்கிக்கொள்ளுங்கள், படகெண் தெரிந்தால் போதும்.

தடை முடிந்து ஜூன் 15க்குப் பிறகு போகும் முதல் மூன்று தங்கலும்தான் சோதனை. டோக்கன் வாங்கும் இடத்திலேயே சங்கத்தின் ஆள் ஒருவர் நின்று, பட்டியலில் உள்ள படகு மடி ஏற்றியிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பு அன்று மாலைக்குள் மறுகரைக்குப் போகட்டும், மடி ஏற்றிய படகு இருந்தாலும்.