கடலோரம் இல்லாத ஊரெல்லாம் ‘உள்நாடு’ ஆகுமா?

‘புயல் கரையைக் கடந்த பிறகு உள்நாட்டில் மழை தொடரும்.’ இப்படி எழுதினால் படிக்கிறவர் குழம்புவார். புயல் கரை கடந்ததே நம் நாட்டில்தானே, அப்புறம் எந்த உள்நாடு? எழுதியவர் நினைத்தது ஆங்கிலத்தில் ‘இன்லேண்ட்’ (inland) என்பதை, அதாவது வேலூர், சேலம் போல கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பகுதிகளை. அதற்கு வானிலை அறிக்கையிலேயே நல்ல சொல் இருக்கிறது: உள் மாவட்டங்கள். பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் உட்பகுதி என்று எழுதலாம்.

உள்நாடு என்றதும் தமிழ்க் காதுக்கு எதிரே நிற்பது வெளிநாடுதான். உள்நாட்டு விமானம், உள்நாட்டுப் போர் எல்லாம் அப்படி வந்தவை. ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குப் போட்ட இன்லேண்ட் லெட்டரும் உள்நாட்டுக் கடிதமே, இரண்டு ஊரும் கடலோரம் என்றாலும். இலங்கையின் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கொழும்புக்காரரிடமும் வரி வாங்குகிறது.

ஆனால் மீனிலும் நீரிலும் கவனம் தேவை. ‘உள்நாட்டு மீன்வளம்’ என்று மீன்வளத் துறை சொன்னால் ஏரி, ஆறு, குளம், அணை மீன் என்று பொருள். மேட்டூர் அணையில் பிடித்தது அதில் சேரும். நாகப்பட்டினத்துக் கடல்மீன் சேராது. இது தெரியாமல், உள்நாட்டு மீன் உற்பத்தி என்ற கணக்கை நாட்டின் மொத்த மீன் உற்பத்தியாக எடுத்து எழுதினால் கடல்மீன் முழுவதும் விடுபட்டுப் போகும். எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான், எண்ணே பொய்யாகிவிடுகிறதே. ‘நன்னீர் மீன்’ என்றும் மாற்றிவிட முடியாது, உவர்நீர்க் கழிமுகங்களும் பல இடங்களில் இந்தக் கணக்கில் வருகின்றன. உள்நாட்டு நீர்வழி என்பதும் இப்படித்தான். பக்கிங்காம் கால்வாய் கடலை ஒட்டியே ஓடுகிறது. திறந்த கடலாக இல்லாமல் நிலத்துக்குள் ஓடுவதால் அது உள்நாட்டு நீர்வழி.

கடலில்லாத நாட்டுக்கும் இந்தச் சொல் பொருந்தாது. நேபாளத்தை ‘உள்நாடு’ என்றால் ஒன்றும் விளங்காது. நிலம் சூழ்ந்த நாடு என்று சொன்னால் சரி.

அடுத்தது, எது உள் மாவட்டம் என்பதிலேயே வரும் பிசகு. தஞ்சாவூர் என்றதும் வயலும் கோயிலும்தான் நினைவுக்கு வரும், ஆனால் அதிராம்பட்டினமும் மல்லிப்பட்டினமும் அந்த மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள். புதுக்கோட்டைக்குக் கோட்டைப்பட்டினம், திருவாரூருக்கு முத்துப்பேட்டை, விழுப்புரத்துக்கு மரக்காணம், திருநெல்வேலிக்கு உவரி. மாறாக, 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் காஞ்சிபுரம் தன் கடற்கரையை இழந்தது. பழைய பட்டியலைப் பார்த்து எழுதினால் தவறிவிடும். தஞ்சாவூரைக் கடலோர மாவட்டம் என்று தயங்காமல் எழுதலாம். கடலோர நகரம் என்று எழுதிவிடக் கூடாது.