முதல் பிசி அசெம்பிள் செய்கிறீர்களா? மதர்போர்டும் கேபினட்டும் பொருந்துமா என்று இப்படிப் பாருங்கள்

முதல்முறை பிசி அசெம்பிள் செய்யும் பலரும் கேபினட்டைத்தான் முதலில் பிடித்துவிடுகிறார்கள். கண்ணாடிப் பக்கம், கலர் கலராக நாலு விசிறி, பார்த்ததும் ஆசை வந்துவிடும். அப்புறம் அதற்குள் போகிற மாதிரி மற்றதைத் தேடி அலைவார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் பிராசசர், அதற்கேற்ற மதர்போர்டு (எல்லா பாகங்களையும் இணைக்கும் பலகை, சுருக்கமாக போர்டு), கடைசியில் கேபினட்.

கடைக்காரர் "எல்லாம் செட் ஆகும் சார்" என்பார். பெரும்பாலும் ஆகவும் செய்யும். இருந்தாலும் காசு கொடுக்கும் முன் இரண்டு இணையப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான பக்கம், இன்னொன்று கேபினட் மாடலின் பக்கம். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டிலும் எதைத் தேட வேண்டும் என்பதுதான். உதாரணத்துக்கு ஏஎம்டி ரைசன் 5 7600 பிராசசரை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: சாக்கெட்

பிராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ரைசன் 7600க்கு ஏஎம்5 சாக்கெட். பழைய ரைசன் 5600 போன்றவற்றுக்கு ஏஎம்4. இன்டெலில் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு எல்ஜிஏ 1851.

புதிதாக வாங்குவதென்றால் என் ஓட்டு ஏஎம்5க்குத்தான். 2027 வரையாவது அந்த சாக்கெட்டைத் தொடர்வோம் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், பின்னாளில் போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்ற வழி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஏஎம்5இல் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. சாக்கெட்டுக்குள் விரல் படக்கூடாது. மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது தேவைப்படும்.

படி 2: சிப்செட்டும் பயாஸும்

போர்டில் என்னென்ன வசதி கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் சிப்தான் சிப்செட். ஏஎம்5இல் ஏ620, பி650, பி850, எக்ஸ்870 என்று பல சிப்செட்டுகள். ஏ620இல் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது அதன் வேகத்தை நாமே கூட்ட, முடியாது; பி650இல் முடியும். 7600 போன்ற 65 வாட் பிராசசருக்கு நல்ல பி650 போர்டு தாராளம். எக்ஸ் வரிசைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

சாக்கெட் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பி650 போர்டில் ரைசன் 9000 வரிசையும் உட்காரும். ஆனால் கடையில் பழைய ஸ்டாக் போர்டு கிடைத்தால், பயாஸை (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யும்வரை திரையில் எதுவும் வராமல் போகலாம். பி660 போர்டில் இன்டெல் 14ஆம் தலைமுறையைப் போட்டாலும் இதே கதைதான். போர்டின் பக்கத்தில் "சப்போர்ட்" பகுதிக்குப் போய், பிராசசர் பட்டியலில் உங்கள் மாடலுக்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிராசசர் இல்லாமலேயே பென்டிரைவ் செருகி பயாஸை ஏற்ற உதவும் பட்டன் சில போர்டுகளின் பின்பக்கம் இருக்கும். விலை கொஞ்சம் கூடினாலும் முதல்முறை செய்பவர்கள் அந்த மாதிரி போர்டை வாங்குவது நிம்மதி.

படி 3: ரேமும் எஸ்எஸ்டியும்

ஏஎம்5இல் டிடிஆர்5 வகை ரேம் மட்டும்தான். எல்ஜிஏ 1700இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, பெயரைக் கவனித்து வாங்குங்கள். இரண்டு ரேமுக்கும் 288 பின்தான் என்றாலும் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. எஸ்எஸ்டியை நேரே போர்டில் செருக எம்.2 என்ற இடம் ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் நல்லது.

படி 4: போர்டின் அளவு

ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மிமீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. மாடல் பெயரில் பி650எம் என்று சிப்செட்டுக்குப் பின்னால் எம் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் மைக்ரோ ஏடிஎக்ஸ். சிறிய போர்டு பெரிய கேபினட்டில் பொருந்தும், பெரியது சிறியதில் பொருந்தாது. ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டு போடப்போகிறவருக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும். மினி ஐடிஎக்ஸ் அழகுதான், ஆனால் விலையும் அதிகம், வயர் இழுக்க இடமும் இருக்காது. முதல் பிசிக்கு வேண்டாம்.

மலிவான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு சில, 244 மிமீ அகலம் இல்லாமல் குறுகலாக இருக்கும். அவற்றின் வலது ஓரத்தில் திருகு போட இடம் இருக்காது. 24 பின் பவர் இணைப்பை அழுத்தும்போது அந்த ஓரம் வளையும், பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். ஓரத்தை அடியில் விரலால் தாங்கிக்கொண்டு, கொக்கி 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்துங்கள்.

படி 5: கேபினட்டில் பார்க்க வேண்டிய எண்கள்

கேபினட் பக்கத்தில் "ஏடிஎக்ஸ் போர்டு பொருந்தும்" என்ற வரியோடு நின்றுவிடக்கூடாது. அதற்குக் கீழே இருக்கும் எண்களில்தான் சிக்கல் வரும்.

முதலாவது, கிராபிக்ஸ் கார்டின் நீளம். கேபினட் 330 மிமீ வரை தாங்கும், கார்டு 300 மிமீ என்றால் சரி. ஆனால் முன்பக்கம் லிக்விட் கூலரின் ரேடியேட்டர் (திரவத்தின் சூட்டை வெளியேற்றும் பகுதி) வைக்கும் திட்டம் இருந்தால், ரேடியேட்டர் 27 மிமீ, விசிறி 25 மிமீ என்று 52 மிமீ கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 278. அதே கார்டு இப்போது உள்ளே போகாது. எஸ்எம்பிஎஸ்ஸும் (கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளை) முன்பக்க விசிறிகளும் இடத்தைத் தின்னும் என்பதால், அந்த 330 எதையெல்லாம் சேர்த்து அளந்தது என்று அடிக்குறிப்பையும் படியுங்கள்.

இரண்டாவது, கூலரின் உயரம். பிராசசர் பெட்டியில் வரும் சின்ன கூலர் பெரும்பாலான கேபினட்டுகளில் நுழைந்துவிடும். 120 மிமீ விசிறி வைத்த டவர் கூலர்கள் 155 முதல் 160 மிமீ வரை உயரம் இருக்கும். ஒல்லியான கேபினட்டில் கண்ணாடி மூடாது.

மூன்றாவது, எஸ்எம்பிஎஸ். சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மிமீ அகலம், 86 மிமீ உயரம். நீளம்தான் மாடலுக்கு மாடல் மாறும். குட்டி கேபினட் சிலவற்றுக்கு எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய வகைதான் பொருந்தும், அதன் விலை அதிகம்.

படி 6: முன்பக்க வயர்கள்

இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. கேபினட்டின் முன்னால் டைப்-சி போர்ட் இருக்கிறதா? அதன் வயர் செருக போர்டில் தனி இடம் வேண்டும். மலிவான போர்டுகள் சிலவற்றில் அது இருக்காது, போர்ட் வெறும் ஓட்டையாகவே கிடக்கும். முன்பக்க யுஎஸ்பி 3.0க்கு 19 பின் கொண்ட அகலமான இணைப்பு தனி.

கலர் விளக்குகளில் இரண்டு வகை. 5 வோல்ட், மூன்று பின் ஒரு வகை. 12 வோல்ட், நான்கு பின் இன்னொரு வகை. கேபினட் விசிறியில் எது இருக்கிறதோ அது போர்டிலும் இருக்க வேண்டும். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும்.

காற்றோட்டத்தைப் பொறுத்தவரை ஒரே வரி: நம் ஊர் வெயிலுக்கு முன்பக்கம் வலை போட்ட கேபினட், அதுவும் கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டியோடு. முன்னால் முழுக் கண்ணாடி வேண்டாம்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

கேபினட்டின் உள்தகட்டில் சின்னச் சின்ன பித்தளைத் தாங்கிகள் திருகியிருக்கும். போர்டை அதன்மேல் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளைக்கும் நேர் கீழே ஒரு தாங்கி இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் தாங்கி இருந்தால் கழற்றிவிடுங்கள். அது போர்டின் அடியில் பட்டு ஷார்ட் ஆகலாம். போர்டின் பின்பக்க போர்ட்டுகளுக்கான ஓட்டைகளோடு தனியாக ஒரு தகடு வந்திருந்தால், அதைக் கேபினட்டின் பின்பக்கச் செவ்வகத் திறப்பில் முதலில் பதியுங்கள். போர்டைத் திருகிய பிறகு ஞாபகம் வந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

ஆனால் அதற்கும் முன்னால், போர்டின் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பிராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் போதும். 7600இல் கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் மானிட்டர் வயரை போர்டிலேயே செருகலாம். உள்ளே கிராபிக்ஸ் இல்லாத 7500எஃப் வாங்கியிருந்தால் கார்டும் தேவை. பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரே நேரத்தில் ஒரு நொடி தொட்டால் ஓட ஆரம்பிக்கும். விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பதறி வயரைப் பிடுங்காதீர்கள். ஏஎம்5 போர்டு முதல்முறை டிடிஆர்5 ரேமோடு பழக சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், அதுவரை விட்டுவிடுங்கள்.