கூரைமேல் வேன் இருந்தால்கூடப் பரவாயில்லை: ஸ்கூல் பஸ்ஸை வீடாக்குபவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வரும் மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்து வீடாக்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அப்படி மாற்றிய பஸ்ஸை 'ஸ்கூலி' என்பார்கள். இதில் கிறுக்குத்தனத்துக்கு ஒரு பரம்பரையே உண்டு. எழுத்தாளர் கென் கீஸியும் அவர் கூட்டாளிகளும் 1964-ல் கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்கு ஓட்டிப் போன 'ஃபர்தர்', 1939 மாடல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஸ்கூல் பஸ். அதன் கூரையில் ஓட்டை போட்டு, வாஷிங் மெஷின் டிரம்மைச் சொருகி, அதற்குள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள். ஃபோக்ஸ்வேகன் வேனின் மேல்பாதியை அறுத்துக் கூரைமேல் ஒட்டவைப்பது, பின்பக்கத்தை வெட்டி பால்கனி விடுவது எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். வெளியே தெரிகிற கோளாறை யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள். போட்டோவில் அள்ளிக்கொண்டு போகிற பஸ்கள்தான் எனக்குப் பயம் தருகின்றன. தேவதாரு பலகை போர்த்திய சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று யாரும் கேட்பதில்லை.

முதலில் கட்டில். பஸ்ஸின் பின்கோடியில் அகலக் கட்டில், அதற்கடியில் சைக்கிளும் பெட்டிகளும் என்பதுதான் பெரும்பாலோர் போடும் பிளான். அங்கேதான் அவசரக் கதவு இருக்கிறது. அது கட்டில் சட்டத்தின் பின்னால் மறைந்துவிடும். கூரையிலுள்ள அவசரத் திறப்பின்மேல் சோலார் பேனல் ஏறிவிடும். ஜன்னல்களில் பாதியைத் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். விறகு அடுப்போ கேஸ் அடுப்போ முன்வாசல் பக்கம் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அடுப்புப் பக்கம் தீப்பிடித்தால், கட்டிலில் இருப்பவருக்கும் மிச்சமிருக்கிற ஒரே வாசலுக்கும் நடுவில் அந்தத் தீதான் நிற்கும். பின்கதவை உள்ளிருந்து, இருட்டில், ஒரே கையால் திறக்க முடிகிறதா என்று படுத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலுக்கு ஆணி அடிக்க வேண்டும். பால்கனிக்காரர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குக் கதவு திறக்கும், ஆனால் பின்சுவரோடு பாடியின் பலமும் சேர்ந்து போயிருக்கும்.

அடுத்தது கூரை. 1977 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் உள்ள விதிப்படி, ஸ்கூல் பஸ்ஸின் கூரை காலி பஸ்ஸின் எடையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும். அந்தச் சுமையிலும் 5⅛ அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது, அவசரக் கதவுகளும் திறக்க வேண்டும். இந்தப் பலம் ஒரு பக்கச் சுவரிலிருந்து கூரை வழியாக மறுபக்கம் வரை வளைந்து போகும் இரும்பு விலாக்களில் இருக்கிறது. உயரமானவர்களுக்கு உள்ளே தலை இடிக்கும் என்பதால், ஜன்னல் மட்டத்தில் எல்லா விலாக்களையும் அறுத்து, கூரையை ஓரடி, ஒன்றரை அடி தூக்குகிறார்கள். தூக்குவது தப்பில்லை. அறுத்த இரண்டு முனைகளுக்கும் நடுவே கையில் கிடைத்த சதுரக் குழாயை வைத்து, முனையோடு முனை வெல்டிங் அடித்துவிட்டுப் போவதுதான் தப்பு. விலாவின் அதே வடிவத் தகட்டை இருபக்கமும் நன்றாக ஏறி உட்காரும்படி வைத்து இணைக்க வேண்டும். கம்ப்யூட்டர் உள்ள இன்ஜின் என்றால் வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் அந்த யூனிட்டையும் கழற்றிவிடுங்கள்.

தூக்கிய பிறகு மேலே மரத்தளம், ஏசி என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். மொத்த உயரம் எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம் இருந்தது. எச்சரிக்கை விளக்குகளையும் மீறி வந்த எத்தனையோ லாரிகளின் கூரையை அது உரித்திருக்கிறது. 2019-ல் பாலத்தை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள், அதன் பிறகும் வண்டிகள் முட்டின. டேப் பிடித்து அளந்து, டிரைவர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

எடைக் கணக்கு இன்னொன்று. 400 லிட்டர் தண்ணீர் என்றால் 400 கிலோ. அந்தத் தொட்டி, ஃபிரிட்ஜ், பேட்டரிகள், கிரானைட் மேடை எல்லாம் இடது பக்கம். வலது பக்கம் வெறும் சோஃபா. வண்டி சாய்ந்தேதான் நிற்கும். பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொட்டி வைத்தால் முன்சக்கரங்களில் சுமை குறைந்து ஸ்டியரிங் லேசாகும். மூன்று டன் கூடியதா, நான்கா என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஹைவே லாரி நிறுத்தங்களில் எடைமேடை இருக்கிறது, ஆக்ஸில் ஆக்ஸிலாக எடை காட்டும். வேலை பாதியில் இருக்கும்போதே ஒரு தடவை ஏற்றிப் பார்த்தால் தொட்டியை நகர்த்துவது சுலபம்.

குளிருக்குப் புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீட்டர் வைப்பவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது பலகை இடுக்குகள் வழியே போய்க் குளிர்ந்த இரும்புத் தகட்டில் வியர்க்கும். நடுவில் கண்ணாடி நார்ப் பஞ்சு அடைத்திருந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே துரு ஏறுவது தெரியவே தெரியாது. கார்பன் மோனாக்சைடு அபாயம் தனி. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் பெட்டி அறையோடு தொடர்பில்லாமல், அடியில் வெளிப்பக்கமாகத் துளையோடு இருக்க வேண்டும்.

வீட்டுச் சுவரில் ஓடும் ஒற்றைக்கம்பி ஒயரை இங்கே இழுக்காதீர்கள். குலுங்கிக் குலுங்கி முறியும், இணைப்பு தளரும். பல இழை ஒயர்தான் தாங்கும். பல பஸ்களில் டீசல் டேங்கில் அளவு காட்டும் மிதவையை எட்டுவதற்குத் தரையில் ஒரு மூடி இருக்கும். அதன்மேல் டைல்ஸ் ஒட்டியவர், மிதவை கெட்டுப்போகிற அன்று டைல்ஸை உடைப்பார், அல்லது டேங்கையே இறக்குவார்.

கடைசியாகக் காகித வேலை. பல மாநிலங்களில் மஞ்சள் பெயின்ட்டை மாற்ற வேண்டும், சிவப்பு ஃபிளாஷர்களையும் பக்கவாட்டு 'ஸ்டாப்' பலகையையும் எடுத்தாக வேண்டும். இது எளிது. இன்சூரன்ஸ்தான் இழுக்கும். விறகு அடுப்பு, தூக்கிய கூரை, மேல்தளம் என்றாலே தயங்குகிற கம்பெனிகள் உண்டு. எல்லாம் முடித்துவிட்டுக் கேட்பதைவிட, பிளானைக் கையில் வைத்துக்கொண்டு, ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பே நாலு கம்பெனிக்கு ஃபோன் போட்டுவிடுங்கள்.