பிப் மறுபரிசீலனை: பழைய மருத்துவக் கடிதங்களை எப்படிப் பயன்படுத்துவது?

பிரித்தானியாவில் பிப் (பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட்: நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசு தரும் கொடுப்பனவு) பெறுபவர்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை ஏஆர்1 என்ற மறுபரிசீலனைப் படிவம் வரும். (ஸ்கொட்லாந்தில் வேறு கொடுப்பனவு, வேறு படிவம்.) பலரிடம் அப்போது புதுக் கடிதம் எதுவும் இருக்காது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஸ்பெஷலிஸ்ட், குடும்ப வைத்தியரான ஜிபியிடம் திருப்பி அனுப்பியே ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். அதற்காக வெறும் படிவத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். திகதி பழையது என்பதற்காகவே ஒரு சான்றைத் தள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் அது அன்றைய நிலையைத்தான் சொல்லும். இன்றும் அதே நிலைதான் என்று காட்டுவது உங்கள் வேலை.

படி 1: கடைசித் திகதியைப் பாருங்கள். நேரம் போதாவிட்டால் திகதி தாண்டுவதற்கு முன்பே படிவம் அனுப்பிய அலுவலகத்துக்குப் போன் செய்து அவகாசம் கேளுங்கள். படிவம் திரும்பிப் போகாவிட்டால் பணம் நின்றுபோகலாம். அதே அழைப்பில், போன முறை மதிப்பீட்டாளர் எழுதிய அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி, என்ன காரணம் என்று அதில் இருக்கும். கையிலுள்ள பழைய தாள்களில் மிகவும் உதவுவது பெரும்பாலும் இதுதான்.

படி 2: தாள்களை மூன்றாகப் பிரியுங்கள். கால் அகற்றியது, இளம்பிள்ளைவாதம், பிறவியிலேயே உள்ள குறைபாடு போன்ற மாறாத நிலைகளுக்கு 20 வருடத்துக்கு முந்திய கடிதமும் பயன்படும். மூட்டுத் தேய்வு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்றவை நாளாக ஆகக் கூடக்கூடியவை. பழைய ஸ்கேன் அறிக்கை தொடக்கப் புள்ளியைக் காட்டும். சிகிச்சையால் தேறக்கூடிய நோய்களுக்கு, சிகிச்சைக்கு முந்திய கடிதம் தனியாக நிற்காது.

படி 3: அனுப்புமுன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். பலர் தவறுவது இங்கேதான். சத்திரசிகிச்சைக்குப் பின் எழுதிய கடிதத்தில் "உதவியின்றி நடக்கிறார்" என்று ஒரு வரி இருந்தால், அதையே உங்களுக்கு எதிராக எடுப்பார்கள். அது வார்ட்டுக்குள் நடந்த சில அடிகளைக் குறித்திருக்கலாம். அப்படியானால் அதை விளக்கி எழுதுங்கள். கடிதத்தின் மேல் வெட்டவோ திருத்தவோ கூடாது.

படி 4: பாலம் போடுங்கள். உதாரணமாக, 2016 கடிதத்தையும் இன்றைய நிலையையும் இணைக்க ஒன்று வேண்டும். என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) செயலியில் கிடைக்கும் தற்போதைய மருந்துப் பட்டியல் நல்லது. அதே வலி மருந்து தொடர்வதும் அளவு கூடியிருப்பதும் பழைய கடிதத்தோடு ஒப்பிட்டால் தெரியும். குளியல் ஸ்டூல், கைப்பிடி பொருத்திய பதிவும் உதவும். கிளினிக் விடுவித்த கடிதத்தை விட்டுவிடாதீர்கள்: கிளினிக்கிற்குப் போகாதது குணமானதால் அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி. ஜிபியிடம் உள்ள உங்கள் பதிவுகளைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். ஆனால் 200 பக்கத்தையும் அனுப்பினால் தேவையான வரி புதைந்துபோகும்.

படி 5: ஒவ்வொரு கடிதத்துக்கும் நான்கு வரி விளக்கம், தனித் தாளில், ஆங்கிலத்தில். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்: "2016 முதுகு எம்ஆர்ஐ அறிக்கை. இந்த நிலை குணமாகவில்லை. அதே மருந்து தொடர்கிறது. இப்போது தடியுடன் சுமார் 40 மீற்றர் நடந்ததும் நிற்க வேண்டும். பத்து நிமிடம் இருந்தால்தான் மீண்டும் நடக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் இப்படி." நோயின் பெயருக்குப் புள்ளி இல்லை, செயலுக்குத்தான். 20 முதல் 50 மீற்றர் வரை தடியுடன்தான் நடக்க முடியும் என்றால் 10 புள்ளி; 20 மீற்றருக்கு மேல் முடியாதென்றால் 12. பாதுகாப்பாக, சரியாக, தேவைப்படும்போதெல்லாம், மற்றவர்களுக்கு ஆகும் நேரத்தின் இரு மடங்கைத் தாண்டாமல் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று முடியாவிட்டாலும் அந்தச் செயலைச் செய்ய முடியாதவராகவே கணக்கு. இது பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருக்க வேண்டும். படிவத்தில் "மாற்றமில்லை" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள்.

இலங்கையில் காயம்பட்டவர்கள் அங்கத்தைய வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்ட்டை வைத்திருந்தால் அதையும் சேர்க்கலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்; கையெழுத்து விளங்காவிட்டால் தெளிவாகத் தட்டச்சு செய்து இணையுங்கள். முதலில் ஜிபியிடம் காட்டி உங்கள் பதிவில் ஏற்றச் சொல்வது இன்னும் நல்லது. உடலில் இன்னும் ஷெல் துண்டு இருந்தால் இங்கே எடுத்த எக்ஸ்ரே அறிக்கை அந்தக் கார்ட்டுக்குப் பலம் சேர்க்கும்.

படி 6: அசலை அனுப்பாதீர்கள், போட்டோகொப்பி மட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கமும் எழுதுங்கள். தபாலகத்தில் அனுப்பியதற்கான அத்தாட்சியை இலவசமாகத் தருவார்கள். முழுத் தொகுப்பின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

முடிவு பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் அந்த முடிவை மீண்டும் பார்க்கச் சொல்லி (மாண்டேட்டரி ரீகன்சிடரேஷன்) கேட்டு, விட்டுப்போன பழைய தாள்களையும் அப்போது சேர்க்கலாம். அதுவும் சரிவராவிட்டால், அந்தப் பதிலின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். தீர்ப்பாயம் பார்ப்பது முடிவு எடுத்த நாளில் உங்கள் நிலை என்ன என்பதை. ஆகவே பிறகு வாங்கும் ஜிபி கடிதமும் அந்த நாளைக் குறித்தே பேச வேண்டும்.