முதலில் ஆவணங்கள், பிறகே தேர்வு: பெங்களூருத் தமிழ்ச் செவிலியர்களுக்கு வெளிநாட்டு உரிம வழிகாட்டி

ஒரு செவிலியர் தம் படிப்பை எந்த நாட்டில் முடித்திருந்தாலும், அவர் வேலை செய்யப்போகும் நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு தன் பதிவேட்டில் அவர் பெயரைச் சேர்த்த பிறகுதான் அங்கே செவிலியராகப் பணியாற்ற முடியும். கர்நாடகச் செவிலியர் கவுன்சிலிலோ தமிழ்நாட்டுச் செவிலியர் கவுன்சிலிலோ பெற்ற பதிவு அந்த விண்ணப்பத்துக்கு அடிப்படை மட்டுமே. கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், கோலார் தங்கவயல் பக்கங்களிலிருந்து வந்து பெங்களூரு மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலர், வெளிநாடு செல்ல முடிவெடுத்ததும் முதல் வேலையாகப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள், அடுத்து ஆவணங்களைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகு தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். தேர்வுக்குப் படிப்பது உங்கள் கையில் இருக்கிறது. படித்த கல்லூரி பதில் எழுதுவதும், முன்பு வேலை பார்த்த மருத்துவமனையின் மனிதவளப் பிரிவு மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதும் உங்கள் கையில் இல்லை என்பதால், அவற்றைத்தான் முதலில் தொடங்கிவைக்க வேண்டும்.

எந்த நாடு?

டிப்ளமோ படிப்பான ஜி.என்.எம். முடித்தவருக்கும் பட்டப்படிப்பான பி.எஸ்சி. நர்சிங் முடித்தவருக்கும் எல்லா நாடுகளும் ஒரே மாதிரி இடம் தருவதில்லை. பிரிட்டனில் பதிவு தரும் அமைப்பான என்.எம்.சி., சொந்த நாட்டில் முறையாகப் பதிவுபெற்ற ஜி.என்.எம். செவிலியரையும் ஏற்றுக்கொள்கிறது. சவூதி அரேபியாவில் டிப்ளமோ முடித்தவர் டெக்னீஷியன் என்றும் பட்டம் பெற்றவர் ஸ்பெஷலிஸ்ட் என்றும் வகைப்படுத்தப்படுகிறார். பதவியும் ஊதியமும் பெரும்பாலும் இந்த வகைப்பாட்டை ஒட்டியே அமைகின்றன. ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேராக விண்ணப்பிக்க இளநிலைப் பட்டத்துக்கு இணையான படிப்பு வேண்டும் என்பதால், ஜி.என்.எம். முடித்தவர்கள் முதலில், டிப்ளமோ முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிப்பது நல்லது. ஆனால் 2025 ஏப்ரல் முதல் அங்கே ஒரு விரைவு வழி நடைமுறையில் உள்ளது. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற குறிப்பிட்ட நாடுகளில் பதிவுபெற்று 2017 முதல் குறைந்தது 1,800 மணி நேரம் பணியாற்றியவர்கள் அந்த வழியில் விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஆஸ்திரேலியா செல்ல நினைப்பவர்கள் இதை இப்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அங்கே உரிமம் பெறுவதற்கான என்க்ளெக்ஸ் தேர்வைப் பெங்களூரிலேயே எழுதலாம். 2023 ஏப்ரல் முதல் புதிய வடிவில் நடக்கும் இத்தேர்வில், உங்கள் விடைகளைப் பொறுத்து 85 முதல் 150 கேள்விகள் வரை வரும், அதிகபட்ச நேரம் 5 மணி. தேர்வுக் கட்டணம் 200 டாலர், வெளிநாட்டில் எழுதுவதற்குக் கூடுதலாக 150 டாலர். இதில் தேர்ச்சி பெறும் திறமை நம் செவிலியர்களுக்கு நிச்சயமாக உண்டு. ஆனால் தேர்ச்சி வேறு, விசா வேறு. செவிலியர்கள் வழக்கமாக விண்ணப்பிக்கும் ஈ.பி.3 குடியேற்றப் பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான காத்திருப்பு பத்தாண்டையும் தாண்டி நீள்கிறது. இந்தத் தகவலை மறைத்து, "பாஸ் பண்ணினால் அடுத்த ஆண்டு அமெரிக்கா" என்று விளம்பரம் செய்பவர்களை நம்பி வீட்டு நகையை அடகு வைக்காதீர்கள்.

பெயரும் தேதியும்

தமிழர்களின் விண்ணப்பங்கள் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். ஒரு செவிலியரின் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கவிதா எஸ்.", கவுன்சில் பதிவில் "எஸ். கவிதா", முதலெழுத்தை விரித்தே எழுத வேண்டிய பாஸ்போர்ட்டில் "கவிதா சுப்பிரமணி", திருமணத்துக்குப் பின் ஆதாரில் "கவிதா முருகன்" என்று இருக்கும். நமக்கு இந்த நால்வரும் ஒருவரே. துபாயிலோ லண்டனிலோ இருந்துகொண்டு கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு அப்படி எடுத்துக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை.

ஆகவே ஒரு விடுமுறை நாளில், பத்தாம் வகுப்பு முதல் கடைசியாக வாங்கிய பணிச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி உள்ளது, தந்தை பெயர் என்ன, பிறந்த தேதி என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்தின் இடமோ விரிவோ மட்டும் மாறியிருந்தால், இரு பெயர்களும் ஒருவருடையவையே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்வது பெரும்பாலும் போதுமானது. பெயரே மாறியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு வரை செல்ல வேண்டியிருக்கும். பிறந்த தேதி வேறுபட்டிருந்தால் பத்திரத்தை நம்பாமல், சான்றிதழை வழங்கிய வாரியத்திடமே திருத்தம் கேளுங்கள்.

திருமணமானதும் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. சேர்க்க விரும்பினால், விண்ணப்பத்தைத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள், இல்லையென்றால் பதிவு கைக்கு வந்த பிறகு செய்யுங்கள். சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கும்போது பாஸ்போர்ட்டை மாற்றினால், முடிந்த வேலையையும் மறுபடி செய்ய நேரிடலாம். இதைக் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்வது சிலருக்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கவுன்சில், கல்லூரி, மருத்துவமனை

தமிழ்நாட்டில் படித்து, அங்கே பதிவு செய்து, பின்னர் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு கவுன்சில்களின் தொடர்பு இருக்கும். இரு பதிவுகளும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டு அமைப்புகள் கேட்கும், உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்னும் நன்னிலைச் சான்றையோ பதிவு உறுதிப்பாட்டையோ பெரும்பாலும் கவுன்சிலே நேரடியாக அனுப்ப வேண்டும், உங்கள் கைவழியாக வருவதை ஏற்கமாட்டார்கள். மதிப்பெண் பட்டியல்களோடு, ஒவ்வொரு பாடத்துக்குமான வகுப்பு நேரத்தையும் மருத்துவமனைப் பயிற்சி நேரத்தையும் காட்டும் டிரான்ஸ்கிரிப்டும் பல நாடுகளுக்குத் தேவை. கர்நாடகத்தில் ஜி.என்.எம். படித்தவர்கள் மாநில டிப்ளமோ நர்சிங் தேர்வு வாரியத்தையும், பி.எஸ்சி. படித்தவர்கள் ஜெயநகரில் உள்ள ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தையும், தமிழ்நாட்டில் பி.எஸ்சி. படித்தவர்கள் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் அணுக வேண்டியிருக்கும். இரவுப் பணி முடிந்த காலையில் நேரில் போய் நின்றால் நடக்கும் வேலை, தொலைபேசியில் மாதக்கணக்கில் நடக்காது.

பணி அனுபவச் சான்றிதழுக்குத் தனிக் கவனம் தேவை. "இவர் எங்கள் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தார், இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்" என்ற இரண்டு வரிக் கடிதத்தால் பயனில்லை. மருத்துவமனையின் கடிதத்தாளில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், பதவி, தீவிர சிகிச்சைப் பிரிவா டயாலிசிஸா என்ற விவரம், படுக்கைகளின் எண்ணிக்கை, முழுநேரப் பணி என்ற குறிப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சேர்ந்த நாள், விலகிய நாள், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், மருத்துவமனையின் சொந்த மின்னஞ்சல் முகவரி, முத்திரை ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்காகச் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்னும் நிறுவனம் சரிபார்க்கும்போது உங்களிடம் கேட்டுத் திருப்தி அடைவதில்லை, சான்றிதழை வழங்கிய இடத்துக்கே எழுதிக் கேட்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு செவிலியருக்கு, நகரின் ஒரு தனியார் மருத்துவமனை நியமனக் கடிதத்தில் மார்ச் 3 என்றும் அனுபவச் சான்றிதழில் மார்ச் 13 என்றும் தேதி போட்டுக் கொடுத்திருந்தது. அந்த ஓர் எழுத்துப் பிழையால் அவருடைய சரிபார்ப்பு அறிக்கை முரண்பாடு என்று திரும்பி வந்தது. சான்றிதழை வாங்கிய அந்த மேசையிலேயே நின்று, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆகியவற்றோடு ஒவ்வொரு தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரக் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், எழுத்துமூலம் திரும்பக் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஆங்கிலமும் ஜெர்மனும்

ஆங்கிலத் திறனுக்கு என்.எம்.சி. கேட்கும் மதிப்பெண்கள் தெளிவானவை. பொதுவான ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் அந்த மூன்றிலும் பி, எழுதுதலில் சி பிளஸ் வேண்டும். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்த செவிலியர்களுக்கு ஓ.இ.டி.யையே நான் பரிந்துரைக்கிறேன். பொதுவான தலைப்பில் கட்டுரை எழுதுவதைவிட, நோயாளியின் குறிப்புகளைப் படித்து இன்னொரு மருத்துவப் பணியாளருக்கு 180 முதல் 200 சொற்களில் கடிதம் எழுதுவது, தினமும் ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நோயாளி விவரங்களை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் கொடுத்துப் பழகியவருக்கு இயல்பாக வரும். பேசுதலில் வருவதும் நோயாளியுடனோ உறவினருடனோ நடக்கும் உரையாடல்தான். அங்கே இலக்கணத்தைவிட, பயந்திருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கும் பொறுமை முக்கியம்.

ஜெர்மனிக்குச் செல்ல விரும்புவோர் மொழியை ஒரு முழுநேர வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். முழு அங்கீகாரத்துக்குப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 என்னும் மேல்நடுத்தர நிலை தேவை. இந்தியப் படிப்பை அந்நாட்டு மாநில அதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்த்து, குறைபாடு இருப்பதாக முடிவு செய்தால், ஒரு தகவமைப்புப் பயிற்சியை முடிக்கவோ அறிவுத் தேர்வை எழுதவோ சொல்வார்கள். இந்திராநகரில் உள்ள கோத்தே இன்ஸ்டிடியூட்டில் படிக்கவும் தேர்வு எழுதவும் வசதி உண்டு.

பிரிட்டன் தேர்வு எப்படி இருக்கும்?

முதல் பகுதி கணினித் தேர்வு. மருந்தளவுக் கணக்குகளுக்கு 30 நிமிடத்தில் 15 கேள்விகள், நர்சிங் பாடத்தில் இரண்டரை மணி நேரத்தில் 100 கேள்விகள். இதை இந்தியாவிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதியான ஓஸ்கி, பிரிட்டன் சென்ற பிறகு அங்குள்ள தேர்வு மையத்தில் நடக்கும் செய்முறைத் தேர்வு. அதில் 10 நிலையங்கள் உண்டு. நோயாளியை மதிப்பிடுதல், திட்டமிடுதல், செயல்படுத்தல், மறுமதிப்பீடு ஆகிய நான்கும் தொடர்ச்சியாக வரும், மீதி நிலையங்களில் செய்முறைத் திறன்களையும் தொழில்நெறி சார்ந்த எழுத்து விடைகளையும் பார்ப்பார்கள்.

நம்மவர்களின் கை வேகம் எவருக்கும் சளைத்ததல்ல. தடுமாற்றம் வேறோர் இடத்தில் வருகிறது. நெரிசலான வார்டில் "நாலாம் பெட் அம்மா" என்று கூப்பிட்டு மாத்திரையைக் கையில் கொடுத்துப் பழகியிருக்கிறோம். ஓஸ்கியில் கையைச் சுத்தம் செய்து, உங்கள் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டு, நோயாளியின் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, அதைக் கைப்பட்டையோடும் மருந்து அட்டையோடும் ஒப்பிட்டு, ஒவ்வாமை உண்டா என்று விசாரித்து, சம்மதம் பெற்று, அதன் பிறகே மருந்தைத் தொட வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த நிலையத்தை இழக்க நேரிடலாம். இதைப் பயிற்சி மையத்தில் சில வாரங்களில் மனப்பாடம் செய்வதைவிட, இன்றைய ஷிப்டிலிருந்தே உங்கள் வார்டில் செய்யத் தொடங்குங்கள். உங்கள் நோயாளிக்கும் அதனால் நன்மைதான்.

வளைகுடா நாடுகளில் வரிசை எளிது: டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, அந்தந்த நாட்டுக்கான கணினித் தேர்வு, அதன் பின் உரிமம். துபாய்க்கும் அபுதாபிக்கும் தனித்தனி அமைப்புகள் உரிமம் வழங்குகின்றன என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பணமும் முகவர்களும்

பிரிட்டன் பதிவுக்கு என்.எம்.சி. தரப்பில் மதிப்பீட்டுக்கு 140, கணினித் தேர்வுக்கு 83, ஓஸ்கிக்கு 794, பதிவில் சேர 153 என மொத்தம் 1,170 பவுண்டு ஆகிறது. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், செலுத்தும் நாளில் அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேர்வும் விசாவும் இதற்கு வெளியே. பல மருத்துவமனைகள் இந்தச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன, அதை வேலை ஒப்பந்தத்தில் எழுத்தாகப் பாருங்கள்.

வேலை வாங்கித் தருவதற்காக முகவர் உங்களிடம் வாங்கும் பணம் முற்றிலும் வேறு விஷயம். இந்தியக் குடிபெயர்வு விதிகளின்படி, பதிவுபெற்ற முகவர் ஒருவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறை, விண்ணப்பதாரரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதையே தடை செய்கிறது. ஆகவே லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பேச்சைத் தொடர வேண்டியதில்லை. முகவரின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள், 1978இல் தொடங்கப்பட்ட மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் தொடர்ந்து பார்த்து வாருங்கள்.

தேர்வையே வேறொருவர் எழுதித் தருவார் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நைஜீரியாவின் இபாடான் நகரில் உள்ள ஒரு மையத்தில் எழுதப்பட்ட என்.எம்.சி. கணினித் தேர்வின் முடிவுகளில் முறைகேட்டுக்கான தடயங்கள் இருப்பதை என்.எம்.சி. 2023இல் வெளிப்படுத்தியது. அங்கே நேர்மையாக எழுதியவர்களும் சந்தேகத்துக்கு ஆளாகி, மறுபடி எழுத வேண்டிய நிலை வந்தது.

பதிவு கிடைத்த பிறகு அதைத் தக்கவைக்கும் கடமை உண்டு. பிரிட்டனில் பதிவைத் தொடர 3 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மறுஉறுதிப்பாட்டுக்கு, 450 மணி நேரப் பணியையும் 35 மணி நேரத் தொடர்கல்வியையும் காட்ட வேண்டும். இந்தியக் கவுன்சில் பதிவையும் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் அடுத்த நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் ஊருக்குத் திரும்பி இங்கே பணியில் சேரும்போதும் அந்தப் பதிவு எண்ணையே முதலில் கேட்பார்கள்.